அகத்தி விமான நிலையம்: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகள்

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். அக்கா வீட்டுக்காரர் சில வருஷம் லட்சத்தீவில், அகத்தி என்கிற தீவில் ஒப்பந்த அடிப்படையில் மின் வேலை பார்த்தார். அந்தச் சாக்கில் மூன்று தடவை அங்கே போய் வந்தேன். 2024 தொடக்கத்தில் பிரதமர் லட்சத்தீவுக்குப் போன படங்கள் வந்த பிறகு ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தத் தீவைப் பற்றியும் அங்கே இருக்கிற குட்டி விமான நிலையத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அகத்தி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிய ஊர்?

கொச்சியிலிருந்து 459 கிலோமீட்டர் மேற்கே, அரபிக்கடலுக்கு நடுவில். லட்சத்தீவில் 36 தீவுகள், ஆட்கள் குடியிருப்பது பத்தில், ஓடுபாதை இருப்பது இந்த ஒன்றில் மட்டும்தான். தீவு ஏழு கிலோமீட்டர் சொச்சம் நீளம், அகலமான இடத்திலேயே ஒரு கிலோமீட்டர்தான் வரும், தெற்கே போகப்போக ஒடுங்கிக்கொண்டே போய் ஓடுபாதை இருக்கிற முனையில் இரண்டு பக்கமும் கடல் தெரியும். 2011 கணக்கெடுப்பில் 7,566 பேர். பேச்சு ஜெசரி, அதாவது தீவுகளில் பேசுகிற மலையாளம். பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு இரண்டாம் நாளே பாதி புரிந்துவிடும்.

நம் ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், 1956 நவம்பர் 1 அன்று யூனியன் பிரதேசம் ஆகும் வரைக்கும் இந்தத் தீவுகள் மதராஸ் மாநிலத்தோடுதான் இருந்தன. அகத்தி மலபார் மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டமாக இருந்த அந்தக் காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் ஒரே கோட்டை. லட்சத்தீவு என்ற பெயரே 1973-ல் வைத்ததுதான்.

விமான நிலையம் யாருடையது? எப்போது வந்தது?

அரசாங்கத்துடையது, இந்திய விமான நிலைய ஆணையம் நடத்துகிறது. 1988-லிருந்து இருக்கிறது. முதலில் டோர்னியர் என்கிற, இருபதுக்கும் குறைவான பேர் உட்காரும் குட்டி விமானம் வந்து போனது. இப்போது வருவது ஏடிஆர், இரண்டு இறக்கையிலும் காற்றாடி சுற்றுகிற ரகம்.

பெங்களூரில் பார்க்கிற பெரிய விமானம் ஏன் அங்கே இறங்குவதில்லை?

ஓடுபாதை பற்றாது. தேவனஹள்ளியில் இருக்கிற இரண்டு ஓடுபாதையும் ஒவ்வொன்றும் 4,000 மீட்டர். அகத்தியில் சுமார் 1,200 மீட்டர். ஒரு ஜெட் விமானம் இறங்கி நிற்கவும் ஓடி எழும்பவும் கேட்கிற நீளம் அந்த முனையில் இல்லை, நீட்டலாம் என்றால் அந்தப் பக்கம் கடல்.

ஏடிஆருக்கே கூட அது தாராளமான நீளம் இல்லை என்பதைத்தான் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் அங்கே படப்போகிற சிரமம் பாதி இதிலிருந்துதான் வருகிறது. விமானம் எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குக் கிடைக்கிற தூக்கு விசையும் குறையும், இன்னும் கொஞ்சம் தூரம் ஓட வேண்டும். எதிர்க்காற்று நன்றாக அடித்தால் உதவி, காற்றே இல்லாமல் புழுங்கினால் கஷ்டம். இதோடு எரிபொருள் கணக்கு ஒன்று இருக்கிறது. தீவுக்கு மேலே வந்த பிறகு மழையில் ஓடுபாதை தெரியவில்லை என்றால் பக்கத்தில் இறங்குவதற்கு வேறு ஊர் கிடையாது, கரைக்கே திரும்பிப் போகிற அளவு எரிபொருள் எப்போதும் தொட்டியில் இருந்தாக வேண்டும். அந்த எரிபொருளும் கனம்தானே. அதனால் எழுபது சொச்சம் இருக்கை உள்ள விமானத்தில் சில நாள் எல்லா இருக்கையும் நிரப்பாமல் கிளம்புவார்கள், சில நாள் பெட்டிகளை விட்டுவிட்டு ஆட்களை ஏற்றுவார்கள். பக்கத்தில் இருக்கை காலியாக இருக்கிறதே, என் தம்பிக்கு ஏன் டிக்கெட் இல்லை என்றீர்கள் என்று கவுன்டரில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கை இருந்தும் கனத்துக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

இறங்கும்போது பயமாக இருக்குமா?

முதல் தடவை எனக்கு இருந்தது. ஜன்னலில் கடல், கடல், கடல் மட்டுமே வந்துகொண்டிருக்கும், சக்கரம் தரையைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால்தான் மண் தெரியும். தொட்டதும் பிரேக்கை நன்றாக அழுத்துவார்கள், உடம்பு முன்னால் போகும், காற்றாடியின் சத்தம் மாறும். அது வழக்கமான முறைதான். இதில் வருகிற விமானிகள் இந்த இறக்கத்துக்கென்று பழகியவர்கள். இறங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலிருந்து கண்ணை எடுக்காமல் பாருங்கள், தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் போட்டு அதற்குள் தண்ணீர் வெளிர்ப் பச்சையாக நிற்பதை அவ்வளவு தெளிவாக வேறு எங்கிருந்தும் பார்க்க முடியாது.

கிருஷ்ணகிரியிலிருந்து எப்படிப் போவது? தர்மபுரியிலிருந்து?

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர்தான் பக்கம். 2024 மார்ச் கடைசியில் பெங்களூரிலிருந்து அகத்திக்கு நேரடி விமானம் தொடங்கினார்கள், ஆனால் இந்தச் சின்னத் தடங்களில் கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டே இருக்கும், போகிற மாதத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, விமான நிலையம் ஊருக்கு வடக்குப் பக்கம். ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். காலை விமானம் என்றால் நடுராத்திரியே கிளம்பிவிடுவது நல்லது.

தர்மபுரி என்றால் நான் கொச்சி வழியைச் சொல்வேன். பெங்களூரு எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தர்மபுரி, சேலம் வழியாகத்தான் போகிறது, காலையில் ஏறினால் சாயங்காலம் ஆலுவாவில் இறங்கிவிடலாம், நெடும்பாசேரி விமான நிலையம் அங்கிருந்து பக்கம். ராத்திரி அங்கே தங்கி மறுநாள் அகத்தி விமானம், சுமார் ஒன்றரை மணி நேரம். சேலம் காமலாபுரத்திலும் 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் ஆரம்பித்தன, உங்கள் தேதிக்குக் கொச்சிப் பக்கம் ஏதாவது இருந்தால் அதுவும் தோது.

கொச்சியிலிருந்து கப்பலும் உண்டு, 14 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை ஆகும். கடல் ஒத்துக்கொள்கிறவர்கள் ஒரு வழியாவது கப்பலில் போய்ப் பாருங்கள்.

டிக்கெட் எடுத்தால் போதுமா?

போதாது. நம் நாட்டுக்காரராகவே இருந்தாலும் தீவுக்காரர் இல்லையென்றால் நுழைவு அனுமதி வேண்டும். 1967-ல் போட்ட விதி அது. தீவு மக்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், நிலமும் சின்னது, வெளியாட்கள் கூட்டமாக வந்து குடியேறிவிடாமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு. லட்சத்தீவு நிர்வாகத்தின் இ-பெர்மிட் தளத்தில் விண்ணப்பிக்கலாம். காவல்துறைச் சான்று கேட்பார்கள், அதை நம் தமிழ்நாடு காவல்துறைத் தளத்திலேயே விண்ணப்பித்து உங்கள் ஸ்டேஷன் வழியாக வாங்க வேண்டும், ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து விசாரித்துப் போகும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு தடவை அந்தச் சான்று வரத் தாமதமாகிப் பயணமே ஒரு மாதம் தள்ளிப்போனது. அதனால் முதலில் சான்று, அப்புறம் அனுமதி, அப்புறம்தான் டிக்கெட். விதிமுறைகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், விண்ணப்பிக்கிற அன்று அந்தத் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. டூர் ஆபரேட்டர் வழியாகப் போனால் அவர்களே முடித்துக் கொடுப்பார்கள்.

மாம்பழம் கொண்டுபோகலாமா?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. கொண்டுபோகலாம், ஆனால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். இரண்டாவது தடவை போனபோது மே கடைசி, தோப்பிலிருந்து இறக்கிய செந்தூராவில் பத்துக் கிலோ, வைக்கோல் போட்டு அட்டைப் பெட்டியில் கட்டி லக்கேஜில் போட்டேன். அங்கே காய்கறியும் பழமும் எல்லாம் கரையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும், மண் வெறும் பவள மணல், தென்னை தவிரப் பெரிதாக எதுவும் விளையாது, அக்கா குழந்தைகளுக்கு ஆசையாகக் கொடுக்கலாம் என்று இருந்தேன். அகத்தியில் இறங்கிப் பார்த்தால் பெட்டி இல்லை. கனம் கூடிவிட்டதால் சில பெட்டிகளைக் கொச்சியிலேயே வைத்துவிட்டோம், அடுத்த விமானத்தில் வரும் என்றார்கள். அடுத்த விமானம் மழையில் ரத்து. மூன்றாம் நாள் பெட்டி வந்தபோது அடியில் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது, தேறியது எட்டோ ஒன்பதோ பழம்தான். அக்கா அதைக் கீறிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள்.

கொண்டுபோவதென்றால் முக்கால் பழுப்பில் இரண்டு கிலோ, கைப்பையில். பெங்களூரா என்று நாம் சொல்கிற தோத்தாபுரிதான் தாங்கும், காயாகவும் சாப்பிடலாம். மாத்திரை, குழந்தைக்கு வேண்டியது, ஒரு மாற்றுத் துணி, இவையும் கையில் இருக்கட்டும். லக்கேஜ் அளவு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, டிக்கெட்டில் போட்டிருப்பதைப் படியுங்கள், அதில் நூறு கிராம் கூட ஏமாற்றப் பார்க்காதீர்கள். உங்கள் ஒரு கிலோவால் இன்னொருவர் பெட்டி இறங்கிவிடும்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக அடிக்கும், தீவுகளுக்கு நடுவே ஓடுகிற வேகப் படகுகளை அந்த மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், விமானம் வருவதும் வானத்தைப் பொறுத்தது. நல்ல மாதத்திலும் புயல் வரலாம், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி கன்னியாகுமரியைத் தாக்கிவிட்டு நேராக அங்கேதான் போனது. திரும்பி வந்த மறுநாளே கல்யாணம், வளைகாப்பு, பரீட்சை என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் இடைவெளி வேண்டும், மழைக்காலமென்றால் நாலு நாள்.

இவ்வளவு சிரமப்பட்டு அந்த ஓடுபாதையை ஏன் வைத்திருக்கிறார்கள்? சுற்றுலாவுக்காகவா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதல் தடவை திரும்பி வருகிற நாள். காத்திருக்கும் கூடம் நம் ஊர்ச் சின்ன பஸ் ஸ்டாண்டு அளவுதான், பெரும்பாலும் தீவுக்காரர்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. வேறு ஏதோ தீவிலிருந்து ஒரு வயதான அம்மாவைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கூடம் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. யார், எந்தத் தீவு, யார் வீட்டு உம்மா என்று மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், ஒரு பெரியவர் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் எனக்கு விளக்கினார். அகத்தியில் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது, கவரத்தியில் இந்திரா காந்தி பெயரில் ஒன்று, அவற்றாலும் முடியாத நோய் என்றால் எர்ணாகுளம்தான். கப்பல் என்றால் ஒரு ராத்திரி முழுக்க ஆகும், அதுவும் அன்றைக்குக் கப்பல் இருந்தால். ரொம்ப அவசரம் என்றால் ஹெலிகாப்டர், கொஞ்சம் தாங்குவார்கள் என்றால் இந்த விமானம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள், கண் ஆபரேஷனுக்குப் போகிற தாத்தா, பிரசவத்துக்கு முன்கூட்டியே கரைக்குப் போய்விடுகிற பெண், கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் இதில்தான்.

எனக்கு அப்போது கோட்டூர் மலை ஞாபகம் வந்தது. பென்னாகரம் பக்கம் அந்த மலைக்குச் சாலை இல்லாமல் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன செய்தியை நாம் எல்லோரும் தேர்தலுக்குத் தேர்தல் படித்தோம். நம் மலைக் கிராமங்களில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவதும் நமக்குப் புதிதில்லை. ஒரு சாலை இல்லாததால் உயிர் போகும் என்பது தர்மபுரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அகத்திக்காரர்களுக்கு அந்த 1,200 மீட்டர் தார்தான் மலைச்சாலை.

மூன்றாவது தடவை ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், கவுன்டர் பக்கத்தில் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு எர்ணாகுளத்தில் மறுநாள் காலையில் டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார், அம்மாவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, கூடப் போக அவனுக்குக் கிடைக்கவில்லை. விமானம் முழுக்கச் சுற்றுலா வந்தவர்கள், இரண்டு மாதம் முன்னாலேயே பதிவு செய்தவர்கள். யார் மேலும் தப்பில்லை. என் டிக்கெட்டை ரத்து செய்தேன், அந்த இடம் அவனுக்குக் கிடைத்தது, நான் இரண்டு நாள் கழித்துக் கப்பலில் வந்தேன். வேலைக்கு இரண்டு நாள் லீவு போனது, வேறு ஒன்றும் ஆகவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், நமக்கு இரண்டு நாள் தள்ளிப்போகலாம், அவர்களுக்குப் பல நேரம் தள்ளிப்போக முடியாது. அதற்காகவும்தான் இடைவெளி வைத்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.

ஓடுபாதையை நீளமாக்கப் போகிறார்களாமே?

பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. தெற்கு முனைக்கு அப்பால் கல்பிட்டி என்று ஆளில்லாத குட்டித் தீவு ஒன்று உண்டு, அதுவரைக்கும் கடல் மேல் நீட்டிக் கொண்டுபோகலாம் என்பது பழைய யோசனை. ஓடுபாதை நீளமானால் விமானம் முழுச் சுமையோடு எழும்பலாம், பெட்டி தங்காது, அந்தப் பையனுக்கும் இடம் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பக்கம் பச்சை ஆமைகள் மேய்கிற, பவளப்பாறை உயிரோடு இருக்கிற கடல். கடல் மட்டத்துக்கு ஒரு சில மீட்டர் மேலே மட்டும் நிற்கிற தீவுக்கு அந்தப் பாறைதான் கரை, அலை முதலில் அதில் மோதி உடைந்துதான் உள்ளே வருகிறது. பாறை செத்தால் தீவே கரையும். என்னைக் கேட்டால், நீளமாக்குவதற்கு முன்னால் இருக்கிற ஓடுபாதையிலேயே சின்ன விமானங்களை அடிக்கடி விட்டுப் பார்க்கலாம், தீவுக்காரர்களுக்கென்று ஒவ்வொரு விமானத்திலும் நாலைந்து இடம் கடைசி வரை ஒதுக்கி வைக்கலாம். எதைச் செய்தாலும் அந்த ஊர் மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர், போன்?

சோறு, மீன், தேங்காய். மீன் என்றால் சூரை. நம் சந்தையில் எப்போதாவது கிடைக்கிற மாசிக் கருவாடு அந்தச் சூரையை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான், அங்கே வாங்கினால் தரம் வேறு மாதிரி இருக்கும். சைவம் என்றால் தங்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. புளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டு, 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வரும் வரை நாம் பட்டது நமக்குத் தெரியும். அகத்தியில் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுகிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் முதலில் கவரத்தியிலும், 2011-ல் மினிக்காயிலும் அகத்தியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை அமைத்தது. மேல்மட்டத்தில் இருக்கிற வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து குழாயில் இழுக்கிற குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிரவைக்கிறார்கள். நம் மாநிலத்தில் இருக்கிற ஒரு நிறுவனம் செய்து கொடுத்த தண்ணீர் என்று அக்கா வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

போனுக்கு பிஎஸ்என்எல், ஏர்டெல். 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டுத் திறந்த பிறகு இணையம் பரவாயில்லை. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதது ஏதாவது?

மது கிடையாது, பங்காரம் தீவு மட்டும் விதிவிலக்கு. ஊருக்குள் ஆணும் பெண்ணும் ஒழுங்காக உடம்பை மூடிய துணியில் போங்கள், முழுக்க முஸ்லிம்கள் வாழும் ஊர். கரையில் கிடக்கிற பவளத்தை ஞாபகத்துக்கென்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலைய ஸ்கேனில் தெரிந்துவிடும்.

ஓசூரில் விமான நிலையம் வந்தால் இங்கிருந்தே போகலாமா?

2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், 2,000 ஏக்கரில் என்று. பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் வேறொன்று வரக்கூடாது என்கிற நிபந்தனை 2033 வரை இருக்கிறது. இப்போதைக்குப் பெங்களூர், கொச்சி என்றே திட்டம் போடுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது, முட்டி வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஏடிஆரில் பின்பக்கக் கதவில் ஐந்தாறு படிதான், கைப்பிடி இருக்கிறது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், அங்கே போய்க் கேட்டால் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இருக்கை பின்வரிசையில் கேட்டு வாங்குங்கள், நடக்கிற தூரம் குறையும். தீவில் இறங்கியதும் ஆட்டோ உண்டு, எங்கே போனாலும் ஒரே ரோடு. மருந்துச் சீட்டின் நகலையும், போகிற நாளைவிட ஒரு வாரம் கூடுதலான மாத்திரையையும் கைப்பையில் போடுங்கள், லக்கேஜில் வேண்டாம்.